ஏசி தண்ணீரில் பூத்த கடுகு வகையறா

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் ஸ்வெட்டரைக் கழற்றியது. இரண்டாவது காரியம் தப்பான பஸ்ஸில் ஏறியது.

ஊட்டிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டினாலே வெளிநாடுதான். "கீழே போறேன்" என்று நாங்கள் சொல்லும் தோரணையில் பாஸ்போர்ட் ஒன்றுதான் குறை. தை மாதத்தில் எங்கள் ஊரில் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாகக் கிடக்கும். இங்கே அதே தை மாதத்தில் காலை ஏழு மணிக்கே கழுத்தில் வியர்வை வழிந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் மஃப்ளர் கட்டிக்கொண்டு, "இன்னா பனி, இன்னா பனி" என்று நடுங்கிக்கொண்டே டீ குடித்தார். சத்தியமாக எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் ஊட்டியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் ஒரே குடும்பம். எல்லாப் பூவுக்கும் நாலே இதழ், சிலுவை வைத்த மாதிரி. இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டிகளாகச் சில களைச்செடிகள் உண்டு. கடல் கடந்து வந்து, கேட்பாரில்லாமல் சாலையோரத்தில் பூக்கிறவை. அவற்றைக் கண்டால் நான் எங்கே நிற்கிறேன், யாருடன் வந்தேன் என்பதெல்லாம் மறந்துபோகும். என் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் ஒன்றைப் பார்த்துக் குனிந்துவிட்டேன் என்று என் கணவர் இன்றும் குத்திக்காட்டுகிறார்.

என் கல்லூரி விடுதித் தோழி ரெஜினாவுக்கு இந்தக் கிறுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாட்ஸ்அப்பில் அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினாள். போட்டோவில் முக்கால்வாசி அவளுடைய கட்டைவிரல். மீதியில் தரையோடு தரையாக வட்டமாய் விரிந்த, ஓரம் வெட்டுப்பட்ட இலைகள். நடுவில் ஒரு தண்டு, உச்சியில் பொட்டுப் பொட்டாக ஏதோ வெள்ளை. எல்லாமே மங்கல். கீழே ஒரு வரி: "இது இன்னா செடின்னு சொல்லு தேனு. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிழைப்பு என்று அவள் எழுதியதும் சும்மா இருக்கவும் முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

தப்பான பஸ்ஸுக்கு வருகிறேன். "ஒரகடம் போற பஸ்ல ஏறு" என்று ரெஜினா சொல்லியிருந்தாள். கண்ணாடியில் ஒரகடம் என்று ஒட்டிய பஸ் ஒன்று நின்றது. ஏறினேன். சுத்தமான சீட், ஜன்னலுக்குத் திரைகூட இருந்தது. ஊட்டியில் டவுன் பஸ்ஸில் தொங்கிப் பழகிய எனக்கு இந்த ஊர் மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்துவிட்டது. உள்ளே இருந்த எல்லோரும் ஒரே நிறச் சட்டையில், பாதிப் பேர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இருவர் ஹிந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். "இந்த ஊர் சாம்பாருக்கு நாக்கு பழகிவிட்டது, ஊருக்குப் போனால் அம்மா கோபித்துக்கொள்வாள்" என்றார் ஒருவர். "அம்மாவிடம் சாம்பார் என்ற பேச்சையே எடுக்காதே" என்றார் மற்றவர்.

பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள்.

"மேடம், நீங்க எந்த லைனு?"

"லைன் எல்லாம் இல்லம்மா. ஒரகடம் போகணும்."

"அய்யய்ய, இது கம்பெனி பஸ்ஸு மேடம். ஷிஃப்டுக்குப் போறது."

இறங்குகிறேன் என்று எழுந்தேன். "எங்க எறங்குவீங்க? நடுவுல நிறுத்த மாட்டான். குந்துங்க, பாத்துக்கலாம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து ஓர் இட்லியும் கொடுத்தாள். பஸ் நேராக ஏதோ ஒரு தொழிற்சாலைக்குள் போய்த்தான் நின்றது. எல்லோரும் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். நான் என் கல்லூரி அட்டையை நீட்டினேன்.

செக்யூரிட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊட்டியா? அங்கேர்ந்து டெய்லி அப் அண்ட் டவுனா?"

ரெஜினா வந்து மீட்கும் வரைக்கும் அவருடைய பூத்தில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். அவள் ஸ்கூட்டரை நிறுத்தியவள் இறங்காமலே சிரித்தாள். நிறுத்தவே இல்லை. கல்லூரியில் சிரித்த அதே சிரிப்புத்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

வழியில் ஒரு கடையில் இட்லி, வடகறி. எங்கள் ஊர்க் குளிரில் மாவு புளிக்க அடம்பிடிக்கும். போர்வை போர்த்தி, அடுப்படியில் தாலாட்டித்தான் புளிக்க வைக்க வேண்டும். இங்கே சட்டியில் ஊற்றிய கையோடு பொங்கிவிடும் போலிருக்கிறது. இட்லி பஞ்சாக இருந்தது. நான் வடகறியில் முங்கிக்கொண்டிருக்க, ரெஜினா சாப்பிடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் தோட்டப் பராமரிப்பு கான்ட்ராக்ட் அவளுடையது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முப்பது பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். சில வாரமாக லைனில் வேலை செய்பவர்களுக்குக் கையெல்லாம் அரிப்பு, தடிப்பு. அட்மின் மேனேஜர் கணேசன் ஆபீஸ் சுவரோரம் புல்தரையில் இந்தச் செடியைப் பார்த்திருக்கிறார். தொட்டாலே அரிக்கும் பார்த்தீனியம் களை என்று முடிவு கட்டிவிட்டார். ரெஜினா போட்ட எருவில்தான் வந்தது என்றும் சேர்த்து முடிவு கட்டிவிட்டார்.

"திங்கக்கெழம கொரியா சார் முன்னாடி மீட்டிங். பார்த்தீனியம்னு ஆயிடுச்சுன்னா கான்ட்ராக்ட் கேன்சல். முடிவு ஆகுற வரிக்கும் திங்கள்லேர்ந்து யாரும் வேலைக்கி வர வேணாம்னு சொல்லிட்டாங்கடி. முப்பது பேரு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் அவங்களப் பாக்குறது?"

"செடியை நேர்ல பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன்" என்றேன். வாய்க்கொழுப்பு.

கம்பெனி வாசலில் என் போனின் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். ரெஜினாவின் போட்டோ ஏன் அவ்வளவு மங்கல் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு எடுத்திருக்கிறாள், திருட்டுத்தனமாக. பிறகு வருகையாளருக்கான பாதுகாப்பு ஷூவைக் கொடுத்தார்கள். அதற்குள் என் இரண்டு காலையும் ஒன்றாக வைக்கலாம். அந்த ஷூவோடு நான் புல்தரையை நோக்கி ஓடினேன். ஆமாம், ஓடினேன். கடுகுக் குடும்பமாக இருக்கக்கூடும் என்ற நப்பாசை எனக்கு உள்ளுக்குள் இருந்தது.

புல்தரை சீவிவிட்ட தலை போல இருந்தது. ஒரு களை இல்லை. ஓர் உதிர்ந்த இலைகூட இல்லை.

ரெஜினாவின் மேஸ்திரி மஞ்சுளா இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார். முகமெல்லாம் பெருமை.

"ஊட்டிலேர்ந்து மேடம் வர்றாங்கன்னு அக்கா சொல்லிச்சு. அதான் நேத்தே ஓவர்டைம் நின்னு மொத்தத்தயும் புடுங்கிட்டோம். ஒரு பூண்டு கூட கெடையாது, பாத்துக்குங்க மேடம். எப்டி கீது?"

இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில் பெரிய ஆள் யாராவது வருகிறார் என்றால் உடனே கழுவித் துடைத்துக் களை பிடுங்குவதுதான் வழக்கம். ஆடிட்டர் வந்தால் பிடுங்குவார்கள். கஸ்டமர் வந்தால் பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்பும் அடிப்பார்கள். களையைப் பார்க்கவென்றே ஒரு பெரிய ஆள் வருவாள் என்று அவர்கள் கண்டார்களா! பிடுங்கியதெல்லாம் டிராக்டரில் ஏறி, வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளத்தில் கொட்டி, எரிந்தே முடிந்துவிட்டது.

நான் கத்தினேன். "களையைப் பார்க்க வர்றவளுக்குக் களையைப் பிடுங்கியா மரியாதை பண்ணுவீங்க?" என்று கத்தினேன். மஞ்சுளாவின் முகம் சுருங்கிவிட்டது. ரெஜினா ஒரு நொடி என்னை முறைத்தாள், அடுத்த நொடி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. கடைசியில் மஞ்சுளாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் விபரீதம் உறைத்தது. கணேசன் தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்லைக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

"என்னங்க மேடம், ஆளு வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுட்டிய. இப்ப வந்து பார்த்தீனியம் இல்லைன்னா நான் என்னத்த நம்புறது? சார் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? செடியக் கொண்டாந்து காட்டுங்க. பேசிக்கிடுவோம்."

மரியாதைக்காகச் செய்தது சாட்சியை அழித்த மாதிரி ஆகிவிட்டது.

டீ ஷெட்டில் போய் உட்கார்ந்தேன். வெளிச்சுவரைத் தாண்டி ஒரு முருங்கை மரம் ஷெட்டின் மேல் சாய்ந்து நிழல் கொடுத்தது. அங்கேதான் லைன்காரர்கள் எல்லோரும் டீ குடிப்பார்களாம். கொஞ்ச நேரத்தில் எனக்கு முழங்கையில் ஊறியது. சொறிந்தேன். தடித்தது. சொறிய வேண்டிய இடம் கூடிக்கொண்டே போனது. களை ஒன்றுகூட இல்லாத இடத்தில் எனக்கு எப்படி அரிக்கிறது என்று அண்ணாந்து பார்த்தேன். முருங்கையின் கிளைகளில் கம்பளிப்பூச்சிகள் கும்பல் கும்பலாக அப்பிக்கொண்டிருந்தன. ஒன்று அந்த நேரம் பார்த்து என் டீயில் விழுந்தது.

"ரெஜினா! அரிக்குதுடி!" என்று நான் கூவியதில் இருந்த சந்தோஷத்தை அந்த ஷெட் அதற்கு முன் கேட்டிருக்காது.

கணேசனைக் கூட்டிவந்து என் கையையும் மரத்தையும் காட்டினோம். மரத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், இரண்டடி தள்ளியும் நின்றுகொண்டார். ஆனால் மசியவில்லை. "அது ஒரு பக்கம். செடி ஒரு பக்கம். செடி என்னதுன்னு தெரியணும்லா" என்றார். அன்று மாலை ரெஜினா வீட்டில் கையெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் ஞாயிறு. ரெஜினா பூசைக்குப் போனாள், நானும் போனேன். பாடல் குழுவில் அவள் பாட்டின் இரண்டு வரியைத் தவறவிட்டாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"அந்தச் செடி புல்தரை முழுக்க இருந்துச்சா, ஒரே இடத்துலயா?"

"ஒரே எடத்துலதான். ஆபீஸ் செவுரு ஓரமா, ஏசி தண்ணி சொட்டும்ல, அங்க மட்டும்."

எனக்குப் பொறி தட்டியது. பார்த்தீனியம் வெயிலுக்குப் பயப்படாது. ஏசி தண்ணீரைத் தேடிப் போகவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஏசியின் வெளிப்பெட்டி அனல் கக்கும், ஆனால் அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். வேருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று கேட்கிற செடி, எங்கள் ஊர்ப்பக்கத்துச் செடியாகத்தான் இருக்கவேண்டும். பூமியில் இருக்கும் குளிரையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரகடத்துக்கு ஏன் வந்தது என்பது வேறு கேள்வி.

"வண்டிய எடுடி. இந்த ஊர்ல ஏசி தண்ணி எங்கெல்லாம் சொட்டுதோ அங்கெல்லாம் போறோம்."

அந்த மாதிரி ஒரு சுற்றுலாவை யாரும் போயிருக்க மாட்டார்கள். ராமானுஜர் கோயிலுக்கு வந்தவர்கள் கோபுரத்தைப் பார்க்க, நாங்கள் சன்னதித் தெருவில் கடைகளின் பின்பக்கச் சுவரைப் பார்த்தோம். லாட்ஜுகளின் சந்துகளுக்குள் புகுந்தோம். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னால் குனிந்து நின்றபோது, பெண் வீட்டார் என்று நினைத்து யாரோ எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ரெஜினா போகலாம் என்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அந்தப் பாயசத்தைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒரு ஏடிஎம் வாசலில் நான் மண்டியிட்டுப் பாசியைக் கிளறிக்கொண்டிருந்தபோது காவலர் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா ஏசிய நோட்டம் உட்டுக்கினு கீறீங்க?"

"செடி தேடுறோம் அண்ணே."

"ஏடிஎம்லயா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

மதியம் தாண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கீழாநெல்லி கிடைத்தது, அருகு கிடைத்தது, நாலைந்து நத்தை கிடைத்தது. வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. தண்டலம் பக்கம் சாலையோரத்தில் பஜ்ஜி தின்றுகொண்டே ரெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணு வுட்டுட்டோம்டி. கொரியா ஓட்டலு. அங்கேர்ந்துதான் நான் எருவுக்குக் காய்கறிக் கழிவு எடுக்குறது."

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஓட்டல். பின்பக்கச் சுவரில் ஏசிப் பெட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. அத்தனை குழாயும் ஒரே வாய்க்காலில் சொட்டின. அந்த வாய்க்கால் கரையில், நிழலில், ஈரத்தில், அது நின்றது. ஒன்றல்ல, ஒரு கூட்டம்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பை, செருப்பு, கண்ணாடி எது எங்கே போனது என்று தெரியவில்லை. வெள்ளைப் பூ, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. நாலு இதழ். லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஆறு கேசரம், நாலு நெட்டை, இரண்டு குட்டை. கடுகுக் குடும்பம்! பூவுக்குக் கீழே தண்டு நெடுகக் காய்கள், ஒவ்வொன்றும் தலைகீழாகப் பிடித்த முக்கோணம், மேலே நடுவில் ஒரு சின்ன வெட்டு. இதயம் இதயமாகக் கோர்த்துத் தொங்கவிட்ட மாதிரி. ஒரு காயை நகத்தால் பிளந்தேன், பொடி விதைகள் கொட்டின. இலையைக் கடித்தேன். லேசாக முள்ளங்கிக் காரம்.

"கேப்செல்லா!" என்று கத்தினேன். "கேப்செல்லா பர்சா-பாஸ்டோரிஸ்! இடையனோட சுருக்குப்பைன்னு அர்த்தம்டி! காயைப் பாரு, சுருக்குப்பை மாதிரியே இருக்கு பாரு! எங்க ஊர்க் கேரட் தோட்டத்துல மூட்டை மூட்டையாப் பிடுங்கி எறிவாங்க. கீழ, இந்த வெயில்ல, நான் கேள்விப்பட்டதே இல்லடி!"

"பார்த்தீனியம் இல்லல்ல?"

"பார்த்தீனியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. இதைத் தொட்டா யாருக்கும் அரிக்காது. நாலு இதழைப் பாரு, சிலுவை மாதிரி."

"சிலுவையா? அப்ப எங்க ஆளுதான்" என்று சொல்லிக்கொண்டே ரெஜினா என்னைக் கட்டிக்கொண்டாள். வாய்க்கால் சேற்றில் இரண்டு பேரும் சுற்றினோம். வயது நாற்பத்தெட்டு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சத்தம் கேட்டுச் சமையல்காரர் வெளியே வந்தார். மிசோரத்துக்காரர், ஹிந்தியில் பேசினார். ஓனர் கொரியாவிலிருந்து ஏதோ விதை கொண்டுவந்து, மொட்டை மாடியில் தெர்மோகோல் பெட்டியில் போட்டாராம். சரியாக வரவில்லையாம். இப்போது ஓனர் ஊருக்குப் போயிருக்கிறார். "என்ன செடி என்று எனக்குத் தெரியாது, புல் மாதிரி ஏதோ. மழைக்காலத்தில் பெட்டியில் தண்ணீர் தேங்கியது, அதனால் மண்ணைக் கொட்டிவிட்டேன்" என்றார்.

"எங்கே கொட்டினீர்கள்?"

"பாதி இங்கே. பாதி இந்த அக்கா கழிவு எடுக்க வைத்திருக்கும் டிரம்மில்."

ரெஜினாவின் கை என் தோளிலிருந்து நழுவியது.

உள்ளே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய் வந்தது. முட்டைக்கோஸ், முள்ளங்கி. தட்டு நிறையக் கடுகு வகையறா. வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு பாட்டுப் பாடியிருப்பேன். ரெஜினா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஊசிப்போன கோசு" என்று தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கி பார்த்தீனியம் இல்லன்னு மட்டும் சொல்லு. போதும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லாத."

"கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லு."

"எப்படிடி? இது வெளிநாட்டுக் களை. ஒரு செடி ஆயிரக்கணக்கில விதை கொட்டும். வந்த வழியைச் சொல்லாம எப்படி நிறுத்தறது?"

"உனக்குப் பூவு, தேனு. எனக்கு முப்பது பேரு சோறு." குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. எனக்கும் கோபம் வந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். ஸ்கூட்டர் வீட்டுக்குத் திரும்பியது. காலையில் பூசைக்குப் போகுமுன் வைத்த கோழிக்குழம்பைச் சுடவைத்து, எதிரெதிரே உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். குழம்பு பிரமாதமாக இருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங் அறையில் ஏசி பல்லைக் கிட்டவைத்தது. எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். மேசையின் தலைப்பக்கத்தில் கொரியா சார், நரைத்த தலை, சிரிக்காத முகம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் திவ்யா. தஞ்சாவூர்ப் பெண், கொரிய சீரியல் பார்த்துப் பார்த்தே பாஷை கற்றவளாம். எதிரில் கணேசன்.

நான் டிபன் பாக்ஸைத் திறந்து, ஓட்டல் வாய்க்காலில் வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிய செடிகளை மேசைமேல் வைத்தேன். இது பார்த்தீனியம் அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கடுகுக் குடும்பக் களை என்று சொன்னேன். இதழ், கேசரம், காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அரிப்புக்குச் சாட்சியாக என் முழங்கையையும் காட்டினேன். திவ்யா மொழிபெயர்த்தாள். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக்கு அவள் கொரிய மொழியில் என்ன சொன்னாளோ, கைவிரல்களை நெளித்து நெளித்துக் காட்டினாள்.

கணேசன் விடவில்லை. "சரி, நான் பாத்த செடி இதுதான். பார்த்தீனியம் இல்ல. வெளிநாட்டுக் களைன்னு நீங்களே சொல்லுதிய. அது எப்படி நம்ம கேம்பஸுக்குள்ள வந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ரெஜினா எழுந்துவிட்டாள்.

"நான்தான் சார் கொண்டாந்தேன். தெரிஞ்சி இல்ல. ஓட்டல்ல எடுத்த கழிவுல மண்ணு கலந்திருக்கு, அத நான் சலிக்காம எருவாப் போட்டுட்டேன். தப்பு என்னுதுதான். பொம்பளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன நிறுத்துங்க, அவங்கள வேற யாரு கான்ட்ராக்ட் எடுத்தாலும் வெச்சிக்கச் சொல்லுங்க."

நேற்று நான் கோபித்துக்கொண்டது எனக்கே வெட்கமாக இருந்தது. திவ்யா மொழிபெயர்க்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கொரியா சார் ரெஜினாவைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்தார். வேரை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு மடமடவென்று என்னவோ கொட்டினார். முகம் சிவந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திவ்யா மொழிபெயர்க்காமல் விழித்தாள்.

"என்னம்மா சொல்றாரு?"

"திட்டுறாரு மேடம்." அவள் எச்சில் விழுங்கினாள். "இது நேங்கியாம். அவங்க ஊர்ல பனி உருகினதும் இதை வேரோட பிடுங்கி சூப் வைப்பாங்களாம். இதைப் போய் யார் பூக்க விட்டதுன்னு கேட்கிறார். பூத்துட்டா வேர் முத்திப்போயிடுமாம், தின்ன முடியாதாம். தோட்டக்காரங்களுக்கு இதுகூடத் தெரியாதான்னு கேட்கிறார்."

கணேசனின் பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

சார் இப்போது என்னைப் பார்த்தார். இந்த வெயிலில் இது எப்படிப் பிழைத்தது என்று கேட்டார். ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் இருந்தது, ஏசி நின்றால் செத்துப்போகும் என்றேன். திவ்யா சொல்லி முடித்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலைக்குமேல் இருந்த ஏசியையும் தன் நெஞ்சையும் மாறி மாறித் தொட்டுக் காட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முதலில் நான் சிரித்தேன், பிறகு திவ்யா, பிறகு கணேசனே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பிலேயே நான் பிடித்துக்கொண்டேன். "சார், பூக்க விடக்கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். பூத்தால் விதை கொட்டும், ஊரெல்லாம் பரவும். பூ வருவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட்டால் களையும் பரவாது, உங்களுக்குச் சூப்பும் கிடைக்கும்." என் ஆசிரியப் பணியில் ஒரு களையைப் பிடுங்கச் சொல்லி நான் இவ்வளவு சந்தோஷமாகப் பேசியதில்லை.

"அப்ப கான்ட்ராக்ட், சார்?" என்றார் கணேசன்.

பதில் நீளமாக வந்தது. திவ்யா அதைச் சுருக்கிச் சொன்னாள். முருங்கை மரத்துக்காரரிடம் பேசிக் கிளையை வெட்டச் சொல்ல வேண்டும். ஓட்டல் கழிவு இனி உள்ளே வரக்கூடாது. மிச்சம் விழுந்த விதை முளைக்கும், ஒன்று விடாமல், பூக்கும் முன் பிடுங்கவேண்டும். "அது எங்கெங்க விழுந்திருக்குன்னு தெரிஞ்சவங்க இவங்கதான். அதனால இவங்களே செய்யட்டும்னு சொல்றார்."

ரெஜினா நின்றபடியே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தலையை மேலும் கீழும் ஆட்டினாள். சார் மேசைமேலிருந்த பூக்காத செடிகளைப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் கட்டிக்கொண்டார். பூத்ததையும் காய்த்ததையும் என் பக்கம் தள்ளினார். எனக்கு வேண்டியதும் அவைதான்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. ரெஜினா கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று மஞ்சுளாவுக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான நம்பரை அழுத்தினாள். மூன்றாவது தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே வீட்டில்தான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"மஞ்சுளா, நாளைக்கி..." என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம், "அய்யோ இன்னாக்கா, போச்சா? சொல்லுக்கா, போச்சா?" என்று பதறுவது எனக்கே கேட்டது. ரெஜினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதுகொண்டே கத்தினாள்.

"நாளைக்கி எல்லாரும் வேலைக்கி வாங்கடி!"

போனிலிருந்து வந்த கூச்சலில் அவள் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். கை நீட்டிய தூரத்தில் வைத்தும் முப்பது குரலும் கேட்டன.